கடல் பக்கத்துக் கதவு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் காப்புறுதிக் கொம்பனியின் கல்முனைக் கிளையில் கேட்டார்கள். நான் இனிமையாகப் பேசுகிறவன் இல்லை. வேலையில் இருந்த காலத்திலும் அப்படி ஒரு பெயர் எனக்கு இருந்ததில்லை. அதனால் வாழ்த்து, ஆசி எதையும் இதில் தேடாதீர்கள். சுவரை அளப்பது, கூரையை மதிப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதையும் நான் தொடப் போவதில்லை. ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த மாரிகாலத்தில் அந்த வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்க உங்களில் ஒருவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு முன் தெரிந்திருக்கட்டும்.

கொழும்பில் வீட்டு விலையைத் தரகர் சொல்கிறார். கல்முனையில் கலியாணம் சொல்கிறது. இதை உங்களில் வெளியூர்க்காரர்கள் முதலில் மனதில் போடுங்கள். இங்கே பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. கட்டுவதற்கு நிலம் எங்கே இருக்கிறது? மேற்கே வயல். கிழக்கே கடல். நடுவில் ஒரு கீற்று நிலம், அதற்குள் எல்லாரும். மூத்தவளுக்கு வீதியோரம் கொடுப்பார்கள். அடுத்தவளுக்கு அதற்குக் கிழக்கே. கடைசிப் பிள்ளைக்கு வரும்போது மிஞ்சுவது கடற்கரை மணல்தான். கொழும்பில் கடல் தெரிகிற வீட்டுக்கு விலை கூடவாம். இங்கே கடல் இரைச்சல் கேட்கிற வீட்டுக்கு விலை குறைவு. விரும்பி யாரும் அங்கே போகவில்லை.

எங்கள் ஆட்கள் காப்புறுதியைத் தேடி வந்தவர்கள் இல்லை. மார்க்கத்தில் அது கூடாது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அதில் நான் யாரோடும் வாதாடியதில்லை. சம்பளம் வாங்குகிறவன் வாதாடி யார் நம்பப் போகிறார்கள்? வங்கியில் வீட்டுக்கடன் எடுத்தவர்கள் மட்டும் வேறு வழியில்லாமல் வந்தார்கள். காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் வங்கி கடைசித் தவணைக் கடனை விடாது.

பிறகு சில வருடங்கள் வாடைக்காற்று மோசமாக வீசியது. கரையோரத் தென்னைகளை வரிசையாகக் கடல் எடுத்தது. எழுபத்தெட்டாம் வருடச் சூறாவளிக்குப் பிறகு நாட்டிய தென்னம்பிள்ளைகள் அவை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் உள்ள வீடுகளைக் காப்புறுதிக்கு எடுக்க வேண்டாம், எடுத்தாலும் வருடாவருடம் கட்டும் கட்டுப்பணத்தைக் கூட்டி எடுங்கள் என்று. அது எங்களுக்கு வந்த காகிதம். ஆனால் ஊர் அதை எங்களுக்கு முன்னால் வாசித்து முடித்துவிட்டது.

பள்ளிவாசல் வாசலில் ஒருவர் என்னை மறித்தார். காப்புறுதிக்காரன் என்று என் கையால் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காத மனிதர்.

"தம்பி, நான் இன்சூரன்ஸ் எடுக்க மாட்டன். அது ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எடுக்கிறதுக்குக் கேக்கல்ல. என்ட மகள்ர ஊட்டுக்குக் கேட்டா குடுப்பீங்களா மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"எடுக்காத ஆளுக்கு என்னத்துக்கு அது?"

"குடுப்பீங்க எண்டா அவடத்துக்குக் கடல் வராதெண்டுதானே கருத்து. மாப்புள ஊட்டாக்கள் கேக்காங்க."

இதுதான் எங்கள் ஊர் செய்த தவறு. நாங்கள் பணக்கணக்கைப் பார்த்து ஓம், இல்லை என்கிறோம். அவர்கள் அதைக் கடலுக்கு நாங்கள் கொடுத்த சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். கொம்பனி எடுத்த வரிசை, கொம்பனி எடுக்காத வரிசை என்று காணிகளுக்குப் பெயர் வந்தது. எடுக்காத வரிசையில் ஒரு பேர்ச் காணியின் விலை பாதியாக இறங்கியது. எடுத்த வரிசையில் ஓட்டை வீட்டுக்கும் படித்த மாப்பிள்ளை வந்தார்.

மீராலெவ்வை காக்காவுக்குச் சைக்கிள் கடை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். வீதியோரத்தில் ஒரு தகரக் கொட்டில். அதற்குப் பின்னால் கடலை நோக்கி நீண்டு போகும் ஒடுங்கிய வளவு. இரண்டு பெண் பிள்ளைகளுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்து முடிந்தது. கடைசி மகள் பரீதா பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். அவளுக்கான வீட்டை வளவின் கிழக்குக் கோடியில், மணலில், கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி நின்றது. கூரை இல்லை. கூரைக்கான பணம் வங்கியில், எங்கள் பத்திரத்துக்காகக் காத்துக் கிடந்தது. மாப்பிள்ளை பேசியாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் புடவைக்கடை ஹாஜியார். எல்லாவற்றையும் அவர்தான் பேசுகிறவர்.

ஓகஸ்டில் நான் போய் அளந்தேன். அகலமான வெண்மணல். வீட்டுக்கு எதிரே வலை காய்ந்தது. பிள்ளைகள் பந்தடித்தார்கள். தூரம் சுற்றறிக்கையின் எல்லைக்கு வெளியே வந்தது. சந்தோஷமாகத் திரும்பி வந்து முகாமையாளரிடம் சொன்னேன்.

எங்கள் முகாமையாளர் காரைதீவுக்காரர். அதிகம் கதைக்க மாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடல் லீவில நிக்கக்குள்ள போய் அளந்திரிக்காய். அப்பிடி அளந்தா எல்லா ஊடும் நல்ல ஊடுதான்."

"டிசம்பர் வரைக்கும் நிக்க ஏலாது சேர். கலியாணம் அதுக்கு முதல் வருகுது."

"டிசம்பர் அங்கதான் கிடக்கும். போய்ப் பாரு."

திரும்பப் போனேன். இந்த முறை மணலின் அகலத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வளவின் மதிலைப் பார்த்தேன். இடுப்பளவு உயரத்துக்குச் சாந்து உப்பரித்துக் கொட்டியிருந்தது. பிள்ளைகள் பந்தடித்த இடத்தில் கோல்கம்பமாக நின்றவை இரண்டு தென்னங்குற்றிகள். அங்கே தென்னை நின்றதென்றால் அந்த இடம் ஒரு காலத்தில் வளவாக இருந்தது. மூடிவைத்த ஒரு கிணறும் கிடந்தது. உப்பாகிப் போனதால் கைவிட்டது. டிசம்பர் அங்கேதான் கிடந்தது. அந்த மதிலிலிருந்து அளந்தேன். வீடு எல்லைக்குள் விழுந்தது. அப்படியே எழுதினேன்.

பிறகு கொழும்பிலிருந்து பதில் வந்தது. வீட்டை எடுக்கலாமாம். நெருப்புக்கு மட்டும். கடல், வெள்ளம், புயல் எதற்கும் பொறுப்பில்லை. கட்டுப்பணம் மட்டும் கரையோர வீதத்தில் கூட்டிக் கட்ட வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் கூடுதல் காசு, கடல் வந்தால் ஒரு சதமும் இல்லை. நான் இதைச் சொல்லிக் கத்தினேன். முகாமையாளர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேங்குக்கு இது காணும்," என்றார். உண்மைதான். வங்கிக்குப் பத்திரம் இருந்தால் போதும். எதற்கான பத்திரம் என்று அவர்கள் பார்ப்பதில்லை.

மீராலெவ்வை காக்காவிடம் கடையிலேயே போய் விளங்கப்படுத்தினேன். நெருப்புக்குத்தான், கடலுக்கு இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ரயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"கொம்பனி எடுத்திட்டுதானே?"

"எடுத்திட்டு. ஆனா..."

"அது காணும் தம்பி. மறுகா அல்லாஹ் பாத்துக்குவான்."

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு என்னையும் வரச் சொன்னார். மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது, என்னைக் காட்டுவதற்காகக் கூப்பிட்டிருக்கிறார். கூரையில்லாத வீட்டுக்குள் பாய் விரித்து, வெயிலுக்கு மேலே சாரத்துணி கட்டியிருந்தார்கள். தொதல், பணியாரம், பிளேன்டீ. ஹாஜியார் சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவு நிலையை ஆட்டிப் பார்த்தார். எழுந்து போய்க் கடலையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டுத் தொதலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த ஊட்டக் கொம்பனி எடுத்திட்டா?"

மீராலெவ்வை காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓம் என்றிருக்கலாம். அது பொய்யே இல்லை. பத்திரம் என் பையில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் கேட்டது பத்திரத்தை இல்லை. இந்த வீட்டில் ஒரு குடும்பம் இருக்கலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் ஓம் என்றால் அது பொய். அந்தப் பொய்க்குள் குடியிருக்கப் போகிறவள் உள்ளறையில் இருந்தாள்.

"எடுத்திட்டு ஹாஜியார். நெருப்புக்கு. கடலுக்கு எடுக்கல்ல."

தொதல் வாய்க்குப் போகவில்லை. தட்டில் திரும்ப வைத்தார்.

"கடக்கரையில நெருப்புக்கா? பகிடி விடுறீங்களா?"

"நான் விடல்ல. கொழும்பில விட்டிரிக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் கைலேஞ்சியால் விரலைத் துடைத்தார். எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். கலியாணம் அதோடு நின்றது.

மீராலெவ்வை காக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. "நீங்க போங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு கல்முனையில் ஒரு கடையிலும் என் சைக்கிளைத் தொடவில்லை. எல்லாரும் அவருடைய ஆட்கள், அல்லது அவரிடம் வேலை பழகியவர்கள். ரயருக்கு ஒட்டுப் போடப் பாண்டிருப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அந்த நாட்களில் வழியில் எத்தனை இடத்தில் ஆமிக்காரர்கள் மறித்து அடையாள அட்டை கேட்பார்கள் என்று உங்கள் வாப்பாமாரிடம் கேளுங்கள்.

முகாமையாளர் மட்டும் ஏசினார். "கேட்டதுக்குப் பதில் சொன்னாய். அதோட வந்திரிக்கிறாய்" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஏச்சா என்று கோபம்தான் வந்தது.

அந்த வரிசை முழுக்கக் காணி விலை விழுந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் ஒருவர் ஒரு வளவுக்கு நல்ல விலை பேசி முற்பணமும் கொடுத்திருந்தார். அதைத் திருப்பிக் கேட்டார். இன்னொருவர் பாதி கட்டிய வீட்டின் கல்லைக் கழற்றி விற்றார். வாங்குவதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஒருவர் மட்டும் மெல்ல மெல்ல வாங்கினார். புடவைக்கடை ஹாஜியார். கொம்பனி எடுக்காத காணி, கடல் கொண்டுபோகப் போகிற காணி என்று எல்லா இடத்திலும் சொன்னவரும் அவர்தான். சட்டப்படி அதில் பிழை கிடையாது. நான் சொன்ன உண்மையை வைத்து அவர் காணி வாங்கினார்.

இன்னொன்றும் நடந்தது. அந்த டிசம்பரில் கடல் வரவில்லை. அடுத்த டிசம்பரிலும் பெரிதாக வரவில்லை. சந்தைக்குப் போனால் பொடியன்மார், "இன்சூரன்ஸ் காக்கா, ஒங்கட கடல் எங்க?" என்பார்கள். உங்களுக்கும் இது நடக்கும். ஆபத்து இருக்கிறது என்று சொல்வதும் ஆபத்து நாளைக்கு வரும் என்று சொல்வதும் ஒன்றில்லை. இதை ஊருக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. உங்களால் முடிந்தால் சந்தோஷம்.

முதலாவது டிசம்பர் கழிந்த கையோடு பரீதா தாயைக் கூட்டிக்கொண்டு கிளைக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"காக்கா, என்ட கலியாணத்த நீங்கதான் குழப்பினதாம். ஊரெல்லாம் அதுதான் கதை."

"ஓம்."

"நான் அதுக்கு வரல்ல. எங்கட வளவில எவடத்தில கட்டினா கடலுக்கும் சேத்து எழுதுவீங்க? அதக் கேக்கத்தான் வந்த."

அந்த வளவை இரண்டு தரம் அளந்தவன் நான். கட்டிய வீட்டை மட்டும் அளந்தேன், மற்ற இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருந்து முகாமையாளர் வெளியே வந்தார்.

"பிள்ளை அண்டைக்கே கேட்டிருந்தா நல்லம். இவன் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டான். இல்லை எண்டு சொல்லுற ஆள், எங்க ஓம் எண்டு சொல்லலாம் எண்டதையும் பாத்துப்போட்டு வரவேணும்."

நான் அன்றைக்கே அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லைக்கு வெளியே விழுந்த துண்டு வீதியோரத்தில், சைக்கிள் கடை நின்ற இடத்தில்தான் இருந்தது. மீராலெவ்வை காக்கா அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக் கதைத்தார்.

"கடைய ஒடச்சிட்டு சோத்துக்கு என்ன செய்யிற?"

"கடையும் இரிக்கட்டும் வாப்பா. அதோட ஒட்டிச் சின்னதா ஒரு ஊடு கட்டுவம்."

"சின்ன ஊட்டுக்கு எந்த மாப்புள வருவான்?"

"வாறவன் வரட்டும். வராதவன் கடலையே பாத்துக்கிட்டு இரிக்கட்டும்."

தாய்க்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த கிழமை கொட்டிலின் ஒரு பக்கத் தகரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

ஒரு மண்டபம், ஓர் அறை, ஒரு குசினி. வளவின் அகலத்தைக் கடையும் வீடும் முழுதாக அடைத்து நின்றன. முகாமையாளர் கொழும்புக்கு எழுதி, தொலைபேசியில் கத்தி, கடலுக்கும் சேர்த்துப் பத்திரம் எடுத்துக் கொடுத்தார். அவர் கத்தியதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். அதற்குக் கொழும்பு ஒரு நிபந்தனை போட்டது. கடல் பக்கத்துச் சுவரில் கதவு, யன்னல் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கட்டுப்பணம் கூடும். பரீதா சம்மதித்தாள். கிழக்குச் சுவர் மொட்டையாக நின்றது.

கட்டும் செலவுக்கு, வளவின் கிழக்குத் துண்டைக் கூரையில்லாத வீட்டோடு விற்க வேண்டி வந்தது. யார் வாங்கினார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வீடு தன் மருமகனுக்கு ஆகாது என்று எழும்பிப் போன ஹாஜியார், அதே வீட்டைக் கல்லு விலைக்கு வாங்கினார். அஸ்பெஸ்டஸ் போட்டார். நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கினார். வயல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். எனக்கு வேலையில் மிகவும் ஆத்திரம் வந்தது இதில்தான். நாங்கள் ஒரு வீட்டை வேண்டாம் என்றால் அந்த வீடு இல்லாமல் போவதில்லை. விலை இறங்குகிறது. இறங்கின விலைக்கு வசதியுள்ளவன் வாங்குகிறான், வேறு போக்கில்லாதவன் வந்து இருக்கிறான். மதிலிலிருந்து நான் அளந்த அளவு சரி. அந்த அளவுக்குள் இன்றைக்கு ஒன்பது பிள்ளைகள் படுக்கிறார்கள். அவர்கள் பெயரில் எங்கள் கொம்பனியில் ஒரு காகிதமும் இல்லை. எங்கள் கணக்கில் அந்த இடம் ஆபத்தில்லாத இடம், ஏனென்றால் நாங்கள் அங்கே எதையும் எடுக்கவில்லை.

பரீதாவின் கலியாணம் பிறகு நடந்தது. மாப்பிள்ளை பஸ் சாரதி. சின்ன வீட்டைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை விட இது பெரிதுதானே என்றாராம். மீராலெவ்வை காக்கா அழைப்புச் சொல்ல என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வாசலில் நின்ற என் சைக்கிளின் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். "யாரு ஒட்டின? நாசமாக்கி வெச்சிரிக்கான்" என்றார். அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் விட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின டிசம்பரில் அந்த வீட்டைப் புதுப்பிப்புக்குப் பார்க்கப் போனேன். கடல் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் மண்டபத்தில் வெளிச்சம் கூடுதலாக இருந்தது. கிழக்குச் சுவரை வெட்டிப் புதிதாக ஒரு கதவு வைத்திருந்தாள்.

"பரீதா, இதென்ன?"

"கதவு."

"அது தெரியிது. கிழக்கால கதவு வெக்க ஏலாது எண்டு பத்திரத்தில இரிக்கே."

"தெரியும் காக்கா." அவள் கதவைத் திறந்து காட்டினாள். எல்லை மதிலிலும் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தாள். அந்தப் பக்கம் ஹாஜியாரின் வீடு. ஒருத்தி கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தாக்கள் றோட்டுக்கு வாறண்டா கடக்கரையால நடந்து, வரிச முடிஞ்சு, ஒழுங்கைப் பாதையால சுத்தித்தான் வரவேணும். போன வாடைக்கு அல மதில்ல அடிக்கக்குள்ள புள்ளையளத் தூக்கிக்கிட்டு அந்த வழியாலதான் ஓடினாங்க. கடல் வாற பக்கமா. நான் இஞ்ச மொட்டச் சுவருக்குள்ள இரிந்து சத்தத்தக் கேட்டுக்கிட்டு இரிந்தன்."

"கட்டுப்பணம் கூடும்."

"கூடட்டும்."

"அந்தக் காச ஹாஜியார்ட்டக் கேட்டியா? அவர்ர குடியிருப்பாக்களுக்குத்தானே."

"வாப்பா கேட்ட. அது ஒங்கட மகள்ர கதவு எண்டு சொல்லிட்டாராம்."

நான் எழுத்துப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எழுதாமல் விட்டுவிட்டு வரலாமா என்று யோசித்தேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிட்டது.

"எழுதுங்க காக்கா. அண்டைக்கு மாப்புள ஊட்டாக்களுக்கு முன்னால மறைக்காத மனிசன், இண்டைக்கு என்னத்துக்கு மறைக்கப் பாக்கீங்க? எழுதாம விட்டு, மறுகா ஒண்டு நடந்தா கொம்பனி காசு தராது. அப்ப இந்த ஊடும் நெருப்புக்கு எடுத்த ஊடுதான்."

எழுதினேன். கட்டுப்பணம் கூடியது. சாரதியின் சம்பளத்தில் அவர்கள் அதைக் கட்டுகிறார்கள். கொழும்புக்கு நான் ஒரு விளக்கமும் எழுதி அனுப்பினேன், அந்தக் கதவு எதற்கென்று. பதில் வரவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

அடுத்த முறை போகிறவர் உங்களில் யாரோ. டிசம்பரில் போங்கள். ஓகஸ்டுக்குத் தள்ளிப் போடாதீர்கள். கதவைப் பார்ப்பீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அவள் அதைத்தான் விரும்புவாள். ஆனால் அடைத்துவிட்டால் கட்டுப்பணம் குறையும் என்று அவளுக்குப் புத்தி சொல்ல வெளிக்கிடாதீர்கள். அளப்பதற்கு முன் அந்தக் கதவால் வெளியே போய், ஹாஜியாரின் வீட்டு வாசல் வரைக்கும் நடந்துவிட்டு, அதே வழியால் திரும்பி வாருங்கள்.

வெளிக்கதவுகளில் பூட்டு இருக்கிறதா என்று படிவம் கேட்கும். வீதிப் பக்கத்துக் கதவில் இருக்கிறது. கடல் பக்கத்துக் கதவில் இல்லை. அவள் பூட்டுப் போடவில்லை. அதையும் எழுதுங்கள்.